நான் எழுதிக் கொடுத்த கடிதம்

ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவன் என்று தாராவியில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரால் என் மைத்துனனுக்கு நேர்ந்த இழப்பை, நம் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஆனால் அச்சத்துக்குச் செவி ஏது? முன்னதாகவே ஊசி போட்டுக்கொண்ட நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மைத்துனன் மசியவில்லை. "எனக்கு ஏதாவது ஆனால் இரண்டு பெண் குழந்தைகளுக்கு யார் அத்தான் துணை?" என்றான்.

ஆகஸ்டு 15 முதல் மின்சார ரயில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, இரண்டு ஊசியும் போட்டவர்களுக்கே இடம் என்றாயிற்று. அவன் தாணேயிலிருந்த தொழிற்சாலைக்குப் பேருந்தில் போய்வந்தான். அடுத்த மாதம் தொழிற்சாலையும் சான்றிதழ் கேட்டது. "ஒழுங்கு நடவடிக்கை எடுத்து நீக்குவோம், இல்லையேல் நீயே விலகிக்கொள்" என்றாராம் மேலாளர்.

அன்றிரவு என்னிடம் யோசனை கேட்க வந்தான். "தண்டனை பெற்று வெளியேறுவதைவிடத் தானாக விலகுவதே மானம்" என்றேன். சொந்தக் காரணங்களால் விலகுவதாக அழகான ஆங்கிலத்தில் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அவன் கையெழுத்திட்டான்.

ஒரு மாதம் கழித்து ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு இருவரும் சென்றோம். 2018-இல் தொடங்கிய அடல் காப்பீட்டாளர் நலத்திட்டத்தில், வேலையிழந்தவருக்குச் சராசரி நாள் ஊதியத்தில் கால்பங்கு கொடுத்துவந்தார்கள். தொற்றுக் காலத்தில் அது பாதியாக உயர்ந்திருந்தது. 90 நாள் வரை, வாழ்வில் ஒரே முறை கிடைக்கும் உதவி அது.

எழுத்தர் கடிதத்தைப் படித்தார். "தாமாக விலகியவருக்கு இல்லை" என்றார். ஒழுங்கீனத்துக்காகத் தண்டிக்கப்பட்டு நீக்கப்பட்டவருக்கும் இல்லையாம். "தண்டனை என்று குறிக்காமல் நிர்வாகமே வேலையை முடித்ததாகத் தாள் இருந்தால், மனுவைப் பார்த்திருக்கலாம்" என்றார். அத்தகைய தாளை நாங்கள் நிர்வாகத்திடம் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்த மூன்று மாதமும் அவன் மனைவி விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்தாள். அவன் தூக்கில் சுமந்து விற்றான்.

2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், எவரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது என்றது. ஊசி போடாதவர்மேல் விதித்த கட்டுப்பாடுகளைத் தனியார் நிறுவனங்களும் மறுபடி எண்ணிப் பார்க்கட்டும் என்றது. பொதுநலன் கருதி அரசு வரம்பு விதிக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. போன வேலை திரும்பி வரவில்லை.

அவன் அச்சம் தவறானது என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் அந்தத் தவறுக்காக அவன் குழந்தைகளின் சோற்றில் மண் விழுந்திருக்க வேண்டாம். "நல்லதை நினைத்துத்தானே எழுதினீர்கள், அத்தான்" என்று அவன் சொன்னான். ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அன்பர்களே, விலகல் கடிதத்தில் கையெழுத்திடுமுன் ஒரு நாள் தவணை கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விசாரித்து வாருங்கள். அதன்பின் என்னிடம் வந்தால் எழுதித் தருகிறேன்.