நெட்டப்பாக்கத்திலிருந்து டில்லி வரை

மடுகரைப் பக்கம் வயதானவர்களிடம் வைத்திலிங்கம் பெயரைச் சொன்னால், பேச்சு முதலில் அவருடைய தந்தையிடம்தான் போகும். வெங்கடசுப்பா ரெட்டியார் 1964 முதல் 1967 வரையிலும், மறுபடி 1968-ல் சில மாதங்களும் புதுச்சேரி முதலமைச்சராக இருந்தவர். பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர வேண்டும் என்று 1954-ல் முதலில் கொடி ஏறிய கொம்யூன்களில் ஒன்று நெட்டப்பாக்கம். அந்த மண்ணிலிருந்து வந்த குடும்பம்.

மகன் வெ.வைத்திலிங்கம் 1950-ல் பிறந்தவர். நெட்டப்பாக்கம் தொகுதியிலிருந்தே போய் 1991 ஜூலையில் முதலமைச்சரானார்; 1996 மே வரை ஐந்தாண்டு அந்தப் பதவி. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலி வேறு பலரிடம் இருந்தது. 2008 செப்டம்பரில் ரங்கசாமி விலகியதும் மறுபடியும் இவருக்கு வந்தது. 2011 தேர்தலில் ஆட்சி போயிற்று. வரப்பு ஓரத்தில் நின்று தண்ணீர் முறைக்குக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அவருடைய தேர்தல் வாழ்க்கையில் பெரிய திருப்பம் தோல்வியால் வந்ததல்ல, தொகுதி மறுசீரமைப்பால் வந்தது. நெட்டப்பாக்கம் ஆதிதிராவிடர்களுக்கான தனித்தொகுதி ஆனது. முதலமைச்சராக இருந்தவரே சொந்தத் தொகுதியில் நிற்க முடியாமல் 2011-ல் நகரத்துப் பக்கம் காமராஜ் நகருக்குப் போனார், ஜெயித்தார். 2016-லும் அங்கேயே ஜெயித்து சட்டப்பேரவைத் தலைவரானார். 'எங்க ஊர் முதலமைச்சர்' என்ற பெருமை போனதே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நாற்று நட்டு, களை எடுத்துக் கூலிக்கு நின்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதே தொகுதியில் நிற்க இடம் கிடைத்ததும் அப்போதுதான். அதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

2019-ல் பேரவைத் தலைவர் பதவியை விட்டு மக்களவைக்கு நின்றார். வித்தியாசம் ஏறத்தாழ 1.97 லட்சம் ஓட்டு. 2024-ல் மாநில உள்துறை அமைச்சராக இருந்த நமச்சிவாயத்தை எதிர்த்து நின்று சுமார் 1.36 லட்சம் வித்தியாசத்தில் மறுபடியும் ஜெயித்தார். வித்தியாசம் குறைந்தது, இடம் குறையவில்லை.

சட்டமன்றத் தொகுதி என்றால் சுமார் முப்பதாயிரம் வாக்காளர்கள்தான். உறுப்பினரை டீக்கடையிலேயே பிடித்து 'ஏன்யா ஏரி மதகு இப்படிக் கிடக்குது' என்று கேட்டுவிடலாம். எம்.பி. தொகுதியோ புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்து ஒன்றே ஒன்று. பத்து லட்சம் பேர். ஆகவே மனு எழுதும்போது இடம் பார்த்து எழுத வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது, விதை மானியம், பயிர்ச்சேத நிவாரணம் இவற்றுக்கு முதலில் வேளாண் துறையும் பொதுப்பணித் துறையும் சட்டமன்ற உறுப்பினரும். குறைந்தபட்ச ஆதரவு விலை, பயிர்க் காப்பீட்டு விதி, மாநிலம் தாண்டிய ஆற்றுத் தண்ணீர் இவற்றுக்கு எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் இருக்கிறது, ஆனால் நான்கு பகுதிக்கும் அதுதான்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஆறு கர்நாடகத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் ஓடி, அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம். அந்தத் தண்ணீருக்காக எழுதும் மனுவில் எம்.பி. பெயரும் இருக்கட்டும்.