எங்கள் வளவில் குடியிருந்தவர்கள்

2006 ஏப்ரலில் குண்டுகளுக்குப் பயந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சம்பூரை விட்டு ஓடினோம். பத்து வருடங்கள் முகாம்களில் கழிந்தன. 2016 இல் திரும்பி வந்தபோது கொட்டியாரக் குடாவின் காற்று மட்டும் அப்படியே இருந்தது. வீடு இல்லை. வளவு முழுக்க ஆளுயரப் பற்றை. கத்தியால் வெட்டி வெட்டித்தான் கிணற்றைக் கண்டுபிடித்தோம்.

பற்றையை வெட்ட வெட்டப் பாம்புகள் வந்தன. கணவரை யுத்தத்தில் இழந்தவள் நான். இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் படுப்பதே பயம். கண்ட பாம்பையெல்லாம் அடித்தேன்.

ஒரு நாள் கொட்டிலுக்குள் வெள்ளை வளையம் போட்ட சின்னப் பாம்பொன்றை அடித்துப் போட்டேன். பக்கத்து வளவுப் பெரியம்மா வந்து தடியால் புரட்டிப் பார்த்தார்.

"இது கட்டுவிரியன் இல்லைப் பிள்ளை. கட்டுவிரியனுக்கு வளையம் தலைப்பக்கம் மங்கலா இருக்கும், வால்பக்கம்தான் தெளிவு. இதுக்குக் கழுத்தடியிலேயே வளையம் தொடங்குது. பாவம், பல்லி பிடிக்க வந்தது."

அன்றிலிருந்து அவரோடு வளவையும் குளக்கரையையும் பார்த்துப் பழகினேன். வயலில் விரைந்தோடும் நீளமான சாரைக்கு விஷமில்லை. எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது. 'அரணை கடித்தால் மரணம்' என்று சிறுவயதில் நடுங்கினோமே, அரணைக்கு விஷமே கிடையாது. உடும்பு காய்ந்த தரையில் திரியும். கபரக்கொய்யா தண்ணீர்க் கரையை விடாது. கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மாரி தொடங்கியதும் கிணற்றுக் கட்டில் வெள்ளை நுரை ஒட்டியிருந்தது. அது மரத்தவளையின் முட்டைக் கூடு. சில நாட்களில் வாற்பேத்தைகள் அதிலிருந்து தண்ணீரில் விழுந்தன. பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்ததும் அதைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். வலையில் சிக்கும் கடற்பாம்பின் வால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். அதற்குக் கடும் விஷம். கையால் எடுக்கக் கூடாது.

நாகம், புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் விஷமுறி மருந்து ஏற்றுகிறார்கள். இதில் கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும். பல வேளைகளில் வலியோ காயமோ தெரியாது.

அடுத்த வருடம் அயலில் ஒரு பிள்ளைக்கு நடுச்சாமத்தில் வயிற்றுவலி. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய் நினைத்தாள். பிள்ளைக்குக் கண்ணிமை சோர்வதைக் கண்ட பெரியம்மா, "உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். பிள்ளை பிழைத்தது.

சகோதரிகளே, கடிபட்டால் வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தரையில் படுத்தாலும் நுளம்பு வலையைப் பாயின் கீழ் செருகிப் படுங்கள். இரவில் வெளியே போனால் ரோச் கொண்டு போங்கள். விறகையும் உடைந்த கல்லையும் கொட்டிலை அண்டிக் குவிக்காதீர்கள்.

முகாமில் இருந்த பத்து வருடமும் எங்கள் வளவை நினைத்து அழுதேன். அந்தப் பத்து வருடமும் இங்கே குடியிருந்தவை இவைதான். இப்போதும் பாம்பைக் கண்டால் நெஞ்சு இடிக்கும். ஆனால் தடியைத் தேட முன்பு, தள்ளி நின்று அது எது என்று பார்க்கிறேன்.