காமிராவும் பெரியம்மாவின் குரலும்

ஒரு செயலைத் தொடங்குமுன் ஐந்து கூறுகளை ஐயமற ஆராய வேண்டும் என்பது வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் அறிவுரை. அவ்வைந்தனுள் முதற்கண் நிற்பது பொருள், அடுத்து நிற்பது கருவி, அதனையடுத்துக் காலம். பதினெட்டு ஆண்டுகளாக இக்குறளை வகுப்பில் நடத்தி வருகிறேன். ஆயினும் அதன் பொருளை நான் முழுமையாக உணர்ந்தது, ஒரு காமிராவுக்குத் துணைக்கருவிகள் வாங்கலாமா என்ற கேள்வி எழுந்தபோதுதான்.

எங்கள் ஊர் வத்திராயிருப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரால் நெல் விளையும் ஊர். 2003ஆம் ஆண்டு எம்.ஃபில். ஆய்வுக்காக அங்குள்ள முஸ்லிம் பெண்களின் தாலாட்டுகளை ஒலிநாடாவில் பதிவு செய்தேன். நாமா, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து என வளர்ந்த இசுலாமியத் தமிழ் இலக்கியத்தின் ஏட்டில் ஏறாத கிளை அது. அன்று மிகுதியாகப் பாடியவர் என் பெரியம்மா.

சென்ற ஆண்டு எம் துறை மாணவர்கள் அப்பாடல்களை ஆவணப்படமாக்க விரும்பினர். முன்னாள் மாணவர்கள் 40,000 ரூபாய் திரட்டித் தந்தனர். ஒரு மாணவரின் அண்ணன் திருமணங்களுக்குப் பயன்படுத்தும் காமிராவை இரவல் தந்தார். முதல்நாள் திண்ணையில் தலையணை வைத்து, அதன்மேல் காமிராவை அமர்த்தினோம். பெரியம்மாவின் அருகில் ஒரு கைப்பேசியை வைத்து ஒலியைப் பதிந்தோம். அவர் இரண்டு தாலாட்டுகளைப் பாடினார், எட்டு நிமிடங்கள்.

மாணவர்களுக்கு மனம் நிறையவில்லை. "இது ஒத்திகைதான் ஐயா, ரிக் வாங்கிக்கொண்டு வந்து முறையாக எடுப்போம்" என்றனர். பெரியம்மா கேட்டார்: "இன்னைக்கே மிச்சத்தையும் பாடிடுறேன்யா. நாளைக்கு இருமல் வந்தா யாரு பாடுறது?" நாங்கள் சிரித்துக்கொண்டே விடைபெற்றோம்.

அதன்பின் ஏழு வாரங்கள் விலைப்பட்டியல்களிலேயே கழிந்தன. ரிக் என்பது காமிராவைச் சுற்றிப் பூட்டும் ஒரு சட்டகம். 15 மி.மீ. தடிமனுள்ள இரு குழாய்களின்மீது தோள்தாங்கி, கைப்பிடி, மேட் பாக்ஸ், ஃபாலோ ஃபோக்கஸ் முதலியவற்றைப் பொருத்துவர். கேட்ட தொகுதியின் விலை 28,000 ரூபாய். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, ஒவ்வோர் உறுப்பும் எப்பணிக்காகப் பிறந்தது என்று கற்றோம்.

எடை குறைந்த காமிரா கையில் எளிதில் நடுங்கும். தோளில் ஊன்றினால் நடுக்கம் குறையும். ஆனால் அமர்ந்து பாடும் ஒரு மூதாட்டியைப் படமெடுக்கத் தோள் எதற்கு? முக்காலியே போதும். ஃபாலோ ஃபோக்கஸ், குவியத்தை மாற்றத் தனியே ஓர் உதவியாளர் நிற்கும் படப்பிடிப்புக்கு உரியது. தானியங்கிக் குவியமுள்ள இன்றைய லென்சுகள் பலவற்றில் வளையம் ஓரிடத்தில் நில்லாது சுழலும். ஆதலால் இட்ட குறி தப்பிவிடும். மேட் பாக்ஸ் வேண்டாத ஒளியை மறைக்கும். அப்பணியைச் சிறிய லென்ஸ் மறைப்பே பெரும்பாலும் செய்துவிடும். கிம்பல் மூன்று அச்சுகளில் சாய்வைச் சமன் செய்யும். நடப்பவரின் ஏற்ற இறக்கத்தை முற்றிலும் நீக்காது. நடந்தே எடுக்க வேண்டிய காட்சி ஒன்றிரண்டானால் அதனை வாடகைக்குப் பெறலாம்.

கருவி வீணென்று சொல்ல வரவில்லை. கேரட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம், 1976இல் வெளிவந்த 'ராக்கி' படத்தில், ஓடும் வீரனோடு காமிராவையும் படியேறச் செய்தது. அங்கே காட்சிக்குத் தேவை இருந்தது. மறுபுறம், 1955இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யை ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படக் காமிராவை இயக்கியதே இல்லை. பணமின்றிப் பன்முறை நின்ற அப்படம் மேற்கு வங்க அரசின் உதவியால் நிறைவுற்றது. நம் பாலுமகேந்திராவும் 'வீடு' படத்தை (1988) இயற்கை ஒளியைப் பெரிதும் நம்பியே எடுத்தார்.

அயலூர்ச் சான்று எதற்கு? எங்கள் பக்கத்து ஊரான கூமாப்பட்டியை 2025 ஜூன் மாதத்தில் தமிழகமெங்கும் பேசவைத்தவை, ஓர் இளைஞர் கைப்பேசியில் எடுத்துப் பரப்பிய சிறு காட்சிகளே. கூட்டம் திரண்டு வந்தது. ஆனால் காட்சியில் கண்டது நேரில் இல்லையே என்று வருந்தித் திரும்பியவர்களும் உண்டு. ஊரைக் காண மக்களை அழைக்கக் கைப்பேசி போதும். காட்டுவது உண்மையாக இருக்க வேண்டுமே என்ற கவலை மட்டும் படமெடுப்பவரிடம் இருக்க வேண்டும். அது எக்கடையிலும் கிடைப்பதன்று.

எட்டாம் வாரத்தில் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார், பேச்சு திரும்பவில்லை. நாங்கள் ஒத்திகை என ஒதுக்கிய எட்டு நிமிடங்களே இன்று எங்களிடம் எஞ்சியுள்ளவை. அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். தலையணைமேல் அமர்ந்த காமிரா சிறிதும் ஆடவில்லை. குறைகள் இரண்டே. முற்றத்து வெயில் வெளுத்துப் போயிருந்தது. கைப்பேசிக்குள் காற்றின் இரைச்சல் புகுந்திருந்தது.

அக்குறைகளே எங்கள் பட்டியலை எழுதித் தந்தன. ஒரு நல்ல முக்காலி, உடையில் செருகும் ஒரு மைக், ஓர் என்.டி. வடிகட்டி ஆகிய மூன்றையும் வாங்கினோம். நொடிக்கு 25 சட்டகங்கள், ஒவ்வொன்றுக்கும் 1/50 நொடி ஒளி என்பது நாங்கள் கொண்ட அளவு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலின் இவ்வளவில் எடுத்தால் விளக்கொளி திரையில் துடிப்பதில்லை. ஆனால் நண்பகலில் அவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விட்டால் படம் வெளுத்துவிடும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடிபோல் லென்சுக்கு அவ்வடிகட்டி உதவுகிறது. மிஞ்சிய பணத்தை, பாடத் தெரிந்த பிற மூதாட்டியரைத் தேடிச் செல்லும் பயணச் செலவுக்கு ஒதுக்கினோம்.

மாணவர் சிலர் இன்றும் என்னிடம் ரிக் வாங்கலாமா என்று கேட்பதுண்டு. முதலில் உள்ளதைக்கொண்டு ஒருநாள் படமெடுத்து வாருங்கள்; எடுத்ததில் எது குறைகிறதோ அதனை மட்டும் வாங்குங்கள் என்பதே என் விடை. பொருளையும் கருவியையும் வாரக்கணக்கில் எண்ணிய நான், அவற்றை அடுத்து வள்ளுவர் வைத்த காலத்தை எண்ணத் தவறினேன். அத்தவறு மாணவர்களுடையதன்று, ஆசிரியனாகிய என்னுடையது.

பெரியம்மாவின் கட்டிலருகே அந்த எட்டு நிமிடங்களை ஒருநாள் போட்டுக் காட்டினோம். தம் குரலைக் கேட்டு, இடக்கையால் கட்டில் சட்டத்தில் மெல்லத் தாளமிட்டார். வரும் ஞாயிறன்று மகாராஜபுரத்தில் ஒரு பாட்டியைக் காணச் செல்கிறோம். இன்ஷா அல்லாஹ், அவர் பாடுவதை அன்றே முழுவதும் பதிவு செய்துவிடுவோம்.