பாட்டி காக்கும் தீவு

பஹாமாஸ் என்றால் நீலக் கடலும் சொகுசுக் கப்பல்களும்தான் என்று நினைப்பவர்கள் கேட் ஐலண்ட் பக்கம் போனதில்லை. அங்கே ஆண்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார்கள். வீட்டையும் வயலையும் பிள்ளைகளையும் தேவாலயத்தையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

கேட் ஐலண்டில் சனிக்கிழமை பிற்பகலிலேயே ஞாயிற்றுக்கிழமை தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வெளியே, பெரிய பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கல் அடுப்பு. சுண்ணாம்புக் கல்லை அடுக்கிப் பூசிக் கட்டியது. அதன் வயிற்றுக்குள் விறகை அடுக்கிக் கல் சிவக்கும்வரை எரிய விடுகிறார்கள். பிறகு தணலையும் சாம்பலையும் வழித்து வெளியே தள்ளிவிட்டு, பிசைந்து உப்பிய ரொட்டி மாவை உள்ளே வைத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். நெருப்பு இல்லை. கல் குடித்து வைத்த சூட்டிலேயே ரொட்டி வேக வேண்டும். எவ்வளவு சூடு போதும் என்பதை அடுப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தே பாட்டி சொல்லிவிடுவார். இன்று எரிவாயு அடுப்பு பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. பல கல் அடுப்புகள் இடிந்து கிடக்கின்றன. எனினும் சில இன்னும் புகைகின்றன. வெளியூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால் அந்த ரொட்டியைத்தான் கேட்கிறார்கள்.

ரொட்டி வேகும் நேரத்தில் மற்ற வேலைகள் நடக்கும். வெள்ளைச் சட்டைகளுக்கு இஸ்திரி, காலணிகளுக்குப் பாலிஷ், பெண் குழந்தைகளுக்கு இறுக்கிப் பின்னிய சடை. பாட்டிக்கு ஒரு தொப்பி. அது இல்லாமல் அவர் தேவாலயத்துக்குப் போகமாட்டார். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு வேத பாட வகுப்பு, பிறகு நீண்ட ஆராதனை, மாலையில் இன்னொன்று. நடுவில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டக் கூடாது, தையல் ஊசியை எடுக்கக் கூடாது என்பது பழைய கட்டளை. ஆகவேதான் சனிக்கிழமைக்கு அத்தனை அவசரம்.

பாட்டியை அங்கே 'கிராமி' என்று அழைக்கிறார்கள். அமெரிக்க இசை விருதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆங்கிலத்தில் பாட்டியைக் குறிக்கும் சொல்லின் செல்லச் சுருக்கம் அது. 'மாமா' என்றால் அம்மா. தமிழர்கள் கொஞ்சம் குழம்பத்தான் வேண்டும். ஒரு கிராமியின் கூரையின் கீழ் ஏழெட்டுப் பிள்ளைகள் வளர்வது ஒரு காலத்தில் சாதாரணம். அவர் பெற்றவை சில, மகள் விட்டுப் போனவை சில, தூரத்து உறவில் தாயை இழந்தது ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

பஹாமாஸில் சுமார் 700 தீவுகள். மனிதர்கள் வசிப்பவை ஏறத்தாழ 30. மக்கள்தொகை 4 லட்சம் அளவில். அதில் மிகப் பெரும்பகுதி தலைநகர் நசாவ் இருக்கும் நியூ பிராவிடன்ஸ் தீவில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. தென்கிழக்கே 200 கிலோமீட்டர் தள்ளி, 77 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக வளைந்து கிடக்கும் கேட் ஐலண்டில் இருப்பவர்கள் சுமார் 1,500 பேர்தான். மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் கிரிக்கெட்டை நினைக்கும் இந்திய வாசகர் இங்கே ஏமாந்து போவார். அந்த அணியில் பஹாமாஸுக்குப் பங்கு இல்லை. டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் கப்பல் கப்பலாக அனுப்பப்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகளும் இங்கே வரவில்லை. அவர்களைக் கேட்பதற்கு இங்கே கரும்புத் தோட்டங்கள் இல்லை.

இருந்தது பருத்தி. 1783-ல் அமெரிக்கா விடுதலை பெற்றதும், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமான தோட்ட முதலாளிகள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு இங்கே குடியேறினார்கள். மண் மெலிந்தது, பூச்சி விழுந்தது, ஓரிரு தலைமுறைக்குள் பருத்தி படுத்துவிட்டது. முதலாளிகள் பலர் போய்விட்டார்கள். 1834-ல் அடிமை முறை ஒழிந்தபோது மீதமிருந்தது சுண்ணாம்புப் பாறையும் அதன்மேல் வாழ்ந்த மக்களும்.

அந்தப் பாறையில் விவசாயம் செய்வது விசித்திரமான வித்தை. ஏர் ஓட்ட முடியாது. புதரை வெட்டி எரித்து, பாறையின் பள்ளங்களில் சேர்ந்திருக்கும் கைப்பிடி மண்ணில் விதையைப் போட வேண்டும். ஒரு குழியில் மக்காச்சோளம், பக்கத்துக் குழியில் மரவள்ளி, இன்னொன்றில் துவரை. ஆம், நம் துவரைதான். இந்தியாவில் பயிராகி, ஆப்பிரிக்கா வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து போன பயிர். துவரையையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டுச் சமைக்கும் சோறு பஹாமாஸின் தேசிய உணவு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் அது கட்டாயம் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கிராமி காய்ச்சும் 'செரசி' கஷாயமும் தெரிந்த சரக்குதான்: காட்டுப் பாகல் கொடி. கசப்பைக் கண்டு பிள்ளைகள் ஓடுவதும் எல்லா ஊருக்கும் பொது.

வயல் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்கள் கடலில் இருந்தார்கள். கடற்பஞ்சு எடுக்கப் போகும் படகுகள் வாரக்கணக்கில் திரும்பாது. 1938-ல் ஒரு நோய் பஞ்சுப் படுகைகளை அழித்தது. அந்தத் தொழில் நொடித்துப்போனது. அடுத்து 1943-ல் வந்தது, பஹாமாஸ் மக்கள் இன்றும் 'ஒப்பந்தம்' என்று மொட்டையாகக் குறிப்பிடும் ஏற்பாடு. உலகப் போரால் ஆள் பற்றாக்குறையில் தவித்த அமெரிக்கப் பண்ணைகளுக்குத் தொழிலாளர்களை அனுப்பும் திட்டம். 1960-களின் நடுப்பகுதிவரை நீடித்தது. ஆண்கள் ஃபுளோரிடாவிலும் அதற்கு வடக்கேயும் பீன்ஸ் பறித்தார்கள், கரும்பு வெட்டினார்கள். கூலியில் ஒரு பகுதி ஊருக்கு வந்தது. சிலர் வரவேயில்லை. அதற்குப் பிறகு நசாவில் ஹோட்டல்கள் பெருகியபோது இளம்பெண்களும் கிளம்பினார்கள். குழந்தைகள் கிராமியிடம் தங்கினார்கள்.

தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு நெய்தல் திணை நினைவுக்கு வரலாம். கடற்கரையில் காத்திருந்து இரங்கும் தலைவி. கேட் ஐலண்டில் இரங்குவதற்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. மாலை வேளைகளில் பனை ஓலையைக் கிழித்து உலர்த்தி நீளநீளமாகப் பின்ன வேண்டும். அந்தப் பின்னல் சுருள்கள் நசாவுக்குப் போய், தொப்பியாகவும் கூடையாகவும் சுற்றுலாப் பயணிகள் கைக்குப் போகும். அதில் வரும் காசை 'அசூ'வில் போட வேண்டும். அசூ என்பது அச்சு அசலாக நம்மூர்ச் சீட்டுதான். பத்துப் பேர் வாரந்தோறும் ஒரே தொகையைப் போட, ஒவ்வொரு முறையும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். தள்ளுக் கிடையாது, வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களிடமிருந்து அடிமைக் கப்பலில் வந்த பழக்கம் இது. பள்ளிச் சீருடை, கூரைத் தகரம், சவப்பெட்டி எல்லாம் அசூவிலிருந்துதான்.

இந்தத் தீவின் தாய்மார்களில் உலகத்துக்குப் பெயர் தெரிந்தவர் ஒருவர் உண்டு. அதுவும் மகனால். தக்காளி விவசாயி ரெஜினால்ட் பாய்ட்டியரின் மனைவி எவலின். 1927 பிப்ரவரியில் கணவருடன் தக்காளி விற்க மயாமி போயிருந்தபோது அவருக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. எடை சுமார் 3 பவுண்டு. பிழைக்காது என்று முடிவு செய்த தந்தை, அடக்கம் செய்வதற்குக் காலணி அட்டைப்பெட்டி அளவில் ஒரு பெட்டியே கொண்டுவந்துவிட்டார். எவலின் ஒப்பவில்லை. குறி சொல்லும் பெண்ணொருத்தியைத் தேடிப் போனார். பிள்ளை பிழைப்பான், அரசர்களோடு நடப்பான் என்று அவள் சொன்னதாகப் பிற்காலத்தில் மகன் எழுதினார். தேவாலயமும் குறிகாரியும் ஒரே ஊரில் சண்டையில்லாமல் இருப்பதைப் போதகர்கள் விரும்புவதில்லை. தாய்மார்கள் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை.

அந்தப் பிள்ளைதான் சிட்னி பாய்ட்டியர். உயிர் தங்கிய ஏழு பிள்ளைகளில் கடைசி. கேட் ஐலண்டின் ஆர்தர்ஸ் டவுனில், மின்சாரம் இல்லாத வீட்டில், அம்மா மாவு மூட்டைத் துணியில் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வளர்ந்தார். பஹாமாஸ் தக்காளிக்கு ஃபுளோரிடா கதவை அடைத்தபோது குடும்பம் நசாவுக்குப் பெயர்ந்தது. அப்போது அவருக்கு வயது 10. மோட்டார் காரை அங்கேதான் முதலில் பார்த்தார். 1964-ல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்; அதில் அவர் ஏற்ற வேடம் கன்னியாஸ்திரீகளுக்குத் தேவாலயம் கட்டிக் கொடுப்பவர் வேடம். 1974-ல் பிரிட்டிஷ் அரசியிடமிருந்து சர் பட்டம். 1997 முதல் 2007 வரை ஜப்பானில் பஹாமாஸின் தூதர். 2022 ஜனவரியில் மறைந்தார். குறிகாரியின் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

தேவாலயத்தைக் கட்டிய இன்னொருவரும் இந்தத் தீவில் உண்டு. ஜெரோம் பாதிரியார் என்று அழைக்கப்பட்ட ஜான் ஹாஸ் என்ற ஆங்கிலேயர்; கட்டடக் கலைஞர். ஆங்கிலிகன் குருவாக இருந்து கத்தோலிக்கரானவர். மேற்கு ஆஸ்திரேலியாவில் பணியாற்றிவிட்டு 1939-ல் பஹாமாஸ் வந்து, 63 மீட்டர் உயரமுள்ள அல்வெர்னியா குன்றின் உச்சியில் தனக்கு ஒரு சிறு துறவு மடத்தைக் கல்லால் கட்டிக்கொண்டார். நாட்டிலேயே உயரமான இடம் அதுதான் என்பதிலிருந்து மற்ற இடங்கள் எவ்வளவு தட்டை என்று ஊகித்துக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிகள் அந்த மடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் தீவின் பக்தி வாழ்வது கீழே, தகரக் கூரை போட்ட பாப்டிஸ்ட் கூடங்களில். மேடையில் நிற்பவர் பெரும்பாலும் ஆண். கூட்டுவது, பாடுவது, உண்டியலை நிரப்புவது, சாவு வீட்டில் விடிய விடியப் பாடி உட்கார்ந்திருப்பது எல்லாம் பெண்கள்.

இந்தப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1962-ல்தான். 1973 ஜூலை 10 அன்று விடுதலை வந்தது. கூடவே வந்த அரசியல் சட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. பஹாமாஸ் ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்து, குழந்தை வெளிநாட்டில் பிறந்தாலும் அது பிறவியிலேயே பஹாமாஸ் பிரஜை ஆகலாம். பஹாமாஸ் பெண் வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டில் பெற்றால் அந்த உரிமை தானாக வராது. அவளே திருமணம் ஆகாமல் பெற்றிருந்தால் வரும்! தாலி கட்டாதே என்று சட்டமே சொல்வது போன்ற இந்த வேடிக்கை, திருமணத்தைப் புனிதமாகக் கருதும் நாட்டில் நடக்கிறது.

மாற்ற இரண்டு முறை முயன்றார்கள். 2002 பிப்ரவரியில் பொதுவாக்கெடுப்பு. மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். அவசர அவசரமாகக் கொண்டுவருகிறார்கள் என்று தேவாலயத் தலைவர்கள் எதிர்த்திருந்தார்கள். 2016 ஜூன் 7 அன்று மீண்டும் நான்கு திருத்தங்கள். பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்ற நான்காவது திருத்தம் ஒரு நாள் ஒருபால் திருமணத்துக்கு வழிவிடும் என்று போதகர்கள் சிலர் எச்சரித்தார்கள். வேறு சிலர் ஆதரித்தார்கள். நான்கும் தோற்றன. வாக்காளர்களில் பெண்களே அதிகம் உள்ள நாடு இது. தன் மகளின் பிள்ளைக்குப் பயன்படக்கூடிய உரிமையை, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு எத்தனை பாட்டிகள் மறுத்தார்கள்? வாக்குப் பெட்டி அதைச் சொல்லாது. பக்தி அவர்களுக்குக் கொடுத்ததும் அதிகம், சில சமயம் கேட்டு வாங்கியதும் அதிகம். 2023-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வேறொரு முடிச்சை அவிழ்த்தது: மணமாகாத பஹாமாஸ் தந்தைக்கு நாட்டுக்குள்ளேயே பிறந்த பிள்ளை, தாய் வெளிநாட்டவராக இருந்தாலும் பிறவிப் பிரஜைதான் என்றது. அங்கேயும் லாபம் தந்தை வழியில்தான்.

வீட்டுக்கு அடுத்த கவலை நிலம். கேட் ஐலண்டில் பல குடும்பங்களின் நிலம் 'தலைமுறைச் சொத்து'. யாரோ ஒரு கொள்ளுத் தாத்தா பெயரில் இருந்து, பாகம் பிரிக்காமல், பத்திரம் மாற்றாமல் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாக வந்தது. யாரும் விற்கக் கூடாது, யார் திரும்பி வந்தாலும் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது எழுதப்படாத விதி. எந்தப் பாறை எல்லை, எந்தப் புளியமரம் யாருடையது என்பது கிராமியின் நினைவில் இருக்கிறது. ஆனால் 1959-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நிலத்தை அனுபவித்து வருபவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தன் உரிமையை உறுதிப்படுத்திக்கொள்ள வழி செய்கிறது. குழப்பமான பத்திரங்களைச் சீர்செய்ய வந்த சட்டம் அது. கடற்கரை நிலத்துக்கு மவுசு கூடிய பிறகு, காகிதம் உள்ளவர்கள் கையில் அது ஆயுதமாகவும் ஆகியிருக்கிறது. நீதிமன்றத்தில் நினைவு செல்லுபடியாவது கஷ்டம். அதனால் நசாவிலும் மயாமியிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் இப்போது விடுமுறைக்கு வரும்போது நோட்டுப் புத்தகத்துடன் வருகிறார்கள். பாட்டியைக் கேட்டு வம்சாவளியை எழுதுகிறார்கள். யாருக்கு யார் பிள்ளை, எந்த வருடப் புயலில் யார் வீடு போயிற்று, யாரை எங்கே புதைத்தார்கள் என்றெல்லாம். கிராமி சொல்லும்போது வளர்த்த பிள்ளைகளையும் பெற்ற பிள்ளைகளோடு சேர்த்தே சொல்கிறார். சட்டத்துக்கு அது தலைவலி.

வாரம் ஒரு முறை தபால் கப்பல் நசாவிலிருந்து வருகிறது. அரிசி, மாவு, சிமெண்ட், குளிர்பதனப் பெட்டி, ஊர் திரும்பும் ஓரிரு பயணிகள் எல்லாம் அதில்தான். திரும்பிப் போகும் கப்பலில் தீவின் பொருள்கள் ஏறுகின்றன: மரவள்ளி, உரித்த துவரை, சில சமயம் கயிற்றில் கட்டிய ஆடு. அவற்றுக்கு நடுவே அட்டைப்பெட்டிகள். மேலே கறுப்பு மையில் பெயர்; உள்ளே துணியில் சுற்றிய ரொட்டி. படித்துறையில் நிற்கும் பெண்கள் மாலுமியிடம் ஒவ்வொரு பெட்டியையும் காட்டி, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார்கள்.