பழவேற்காட்டு ஓலைப் பெட்டிகளோடு ஒரு பயணம்

பழவேற்காடு என்றதும் நம் பங்குக் குடும்பங்களுக்கு மகிமை மாதா திருத்தலமே முதலில் நினைவுக்கு வரும். 1515-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் நிறுவிய அவ்வாலயத்தை நாடிப் பலமுறை சென்றிருக்கிறோம். ஏரியைப் பார்த்து, மீன் வாங்கிக்கொண்டு திரும்பியும் இருக்கிறோம். சென்ற தை மாதம் நாம் சென்றதோ வேறொரு காரியத்திற்காக. அவ்வூர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பொருள்கள் சென்னையில் நடைபெறும் கைவினைக் கண்காட்சிக்கு எவ்வாறு போய்ச் சேருகின்றன என்பதை உடனிருந்து காண விரும்பினோம்.

குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாய நீரில் முக்கியெடுத்து முடைகிறார்கள். இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்களே இத்தொழிலில் மிகுதி. திருமணச் சீர் வைப்பதற்கான, மூடியிட்ட பெரிய பெட்டிதான் அவர்களுடைய கைத்திறனின் உச்சம் என்போம்.

விடியுமுன் வண்டி வந்து நின்றது. 2005-இல் டாட்டா நிறுவனம் வெளியிட்டதும் மக்கள் ‘சின்ன யானை’ என்று பெயரிட்டழைத்தார்களே, அந்த வண்டி. பெரிய பெட்டிக்குள் அடுத்த பெட்டி, அதற்குள் அதனிலும் சிறியது, எல்லாவற்றிற்கும் உள்ளே கிலுகிலுப்பைகள் என்று அடுக்கினார்கள். அடுக்கி முடித்தபோது வண்டி நிறைந்துவிட்டது. ஆனால் அதன் சக்கரங்கள் சற்றும் அமுங்கவில்லை.

“காத்துக்குத்தான் வாடகை குடுக்குறோம், ஐயா” என்றார் அந்த வீட்டு அம்மையார், சிரித்துக்கொண்டே.

அவர் சொன்னது உண்மை. வாடகை எடைக்கு அன்று, வண்டிக்கே. 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இவ்வூரிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குத் துணி அனுப்பினார்கள். துணியை மடித்து, அழுத்தி, மூட்டையாகக் கட்டிவிடலாம். ஓலைப் பெட்டியை அழுத்தினால் அது பெட்டியாக இராது. பின்னாளில் கால்வாய் வந்தது. 1806-இல் சென்னையிலிருந்து வெட்டப்பட்டு, பிற்காலத்தில் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற அக்கால்வாயில், ஸ்ரீஹரிகோட்டா விறகைப் பாய்மரப் படகுகள் சென்னைக்குச் சுமந்தன. இத்தகைய இலேசான சரக்கிற்குப் படகே தக்க ஊர்தி என்று நமக்குத் தோன்றிற்று. அந்தப் படகுகள் இன்று இல்லை. இருப்பது சாலை ஒன்றே.

பொன்னேரியைக் கடந்து, தச்சூர் கூட்டுச் சாலையில் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தோம். அங்கேதான் நமக்கு அச்சம் தொடங்கியது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து இரும்புக் கம்பிகளையும் நாற்பதடிப் பெட்டகங்களையும் ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நம்மைக் கடக்கும்போது எழுந்த காற்றில் நம் வண்டி ஒருமுறை ஆடி நின்றது. பாரம் இருந்தால் ஆடாது, பாரந்தான் இல்லையே! கயிற்றை இறுக்கினால் பெட்டி நசுங்கும். தளர்த்தினால் தார்ப்பாய் பறக்கும். பறந்து, பனியோ தூறலோ உள்ளே புகுந்தால், ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். காரனோடைப் பாலத்திற்கு முன்பாக அம்மையார் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, முடிச்சு நழுவுது பாரு.”

“பார்த்துட்டேன் அம்மா, நீங்க இறங்க வேணாம்” என்றான் ஓட்டுநர். ஆயினும் அவர் இறங்கி, கயிறு அழுத்திய மூலையில் தம் பழைய சேலை ஒன்றை மடித்துச் செருகிவிட்டே ஏறினார்.

அமெரிக்காவில் கைவினைஞர்கள் தங்கள் காருக்குப் பின்னால் மூடுள்ள சிறிய இழுவண்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சிக்குச் செல்வதுண்டு. மழைக்கும் காற்றுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. விற்காததை அதிலேயே வைத்துப் பூட்டிவிடலாம். நம் அம்மையாருக்குக் காரே இல்லாதபோது இழுவண்டிக்கு எங்கே போவது?

நிற்க. கண்காட்சியில் வாங்குவோர் விரும்பியவை சிறு பொருள்களே. பேனாப் பெட்டியும் கிலுகிலுப்பையும் முதல் சில நாள்களிலேயே தீர்ந்தன. உள்ளேயிருந்த சிறு பெட்டிகள் ஒவ்வொன்றாக விலைபோக, வெளிக்கூடாக நின்ற சீர்ப்பெட்டிகள் மட்டும் வெறுமையாக எஞ்சின. எடுத்துப் பார்த்து வியந்தவர்கள் பலர். “பேருந்தில் எப்படிக் கொண்டுபோவது?” என்று கேட்டு வைத்துவிட்டுப் போனவர்களும் பலர். ஆக, அந்தப் பெட்டியைக் கொண்டுவருகிறவருக்கும் தொல்லை, வாங்கிப் போகிறவருக்கும் தொல்லை.

“அடுத்த தடவை சின்னதா மட்டும் கொண்டாரலாம்னு இருக்கேன்” என்றார் அம்மையார். பெரிய பெட்டியின் மூடியைப் பொருத்தமாக முடையத் தெரிந்தவர்கள் அவர் தெருவில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதுமானதாக இருந்தது. அவருடைய மகளுக்குச் சிறு பெட்டி வரும், பெரியது வராது.

கடைசி நாள் இரவு எஞ்சியவை இரண்டு சீர்ப்பெட்டிகள். அவற்றிற்காக மீண்டும் வண்டி பிடித்தால் இலாபம் கரைந்துவிடும். மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினோம். இரவு வேலைக்குப் போகும் தொழிலாளர்களால் பெட்டி நிரம்பியிருந்தது. அவர்களில் ஓர் இளைஞர் எழுந்து, தம் இடத்தை ஓலைப் பெட்டிக்குக் கொடுத்தார். அம்மையார் மற்றொன்றை மடியில் வைத்துக்கொண்டார். அது வெறுமையாக இல்லை. அடுத்த முடைச்சலுக்கு வாங்கிய சாயப் பொட்டலங்களும், பேரனுக்கு ஒரு ஜோடிச் செருப்பும் உள்ளே இருந்தன. பொன்னேரியில் இறங்குகையில் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.