இரு காப்பிக் கடைகளும் அவற்றின் தொழிலாளரும்

பெங்களூரில் சர்ச் தெருவிலிருக்கும் இந்தியன் காப்பி ஹவுஸுக்கும், அதற்கு அருகே பிரிகேட் சாலையைச் சுற்றி வரிசையாகத் தோன்றிவிட்ட நவீனக் காப்பிக் கடைகளுக்கும் இடையே நடந்து செல்லச் சில நிமிஷங்களே பிடிக்கும். ஆயினும், காப்பியைத் தயாரித்து நம் முன் கொண்டுவந்து வைக்கும் மனிதருடைய நிலைமையை அறிந்துகொள்ளும் ஆவலோடு அவ்வழியே சென்ற எனக்கு, அந்தச் சிறு தூரத்துக்குள் ஒரு நீண்ட சரித்திரமே அடங்கியிருப்பது புலனாயிற்று.

இரண்டு வகைக் கடைகளும் பிறந்த காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: காப்பிக்கொட்டைக்கு உள்நாட்டிலேயே விற்பனை தேடுவது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நம் காப்பிக்கொட்டைக்கு வெளிநாடுகளில் கிராக்கி குன்றியபோது, உள்நாட்டிலேயே காப்பி குடிக்கும் வழக்கத்தைப் பரப்பவேண்டும் என்ற உத்தேசத்தோடு 1936-இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. அரசாங்கத்தின் காப்பி போர்டு நடத்திவந்த ஏகபோகக் கொள்முதல் தளர்ந்து, தோட்டக்காரர்கள் சுயேச்சையாக விற்க வழி பிறந்த 1990-களில், சிக்மகளூர்த் தோட்டக் குடும்பத்தில் தோன்றிய வி. ஜி. சித்தார்த்தா, 1996-இல் பிரிகேட் சாலையில் கஃபே காப்பி டேயின் முதற் கடையை நிறுவினார். இவ்விரண்டுக்கும் நடுவில் நிகழ்ந்ததே முக்கியம். 1950-களின் மத்தியில் காப்பி போர்டு தன் வசமிருந்த காப்பி ஹவுஸ்களை மூடத் துணிந்து, தொழிலாளர் பலர் வேலையிழந்து நின்ற சமயத்தில், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அளித்த ஊக்கத்தால் அவர்களே கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, 1957 ஆகஸ்ட் 19-இல் பெங்களூரிலும், அதே ஆண்டு அக்டோபரில் டில்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் அந்தத் தொழிலைத் தம் கையில் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் முதலில் சென்றது பெயர் பெற்ற நவீனக் கடை ஒன்றுக்கு. மடிக்கணினியைத் திறந்துவைத்து ஒரே கோப்பையோடு நெடுநேரம் அமர்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்து, பணத்தின் அருமை தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுவது அநீதி என்பது என் அபிப்பிராயம். நண்பனை உட்காரவைக்க ஓர் இருக்கைகூட இல்லாத வாடகை அறைகளில் வசிக்கும் அவர்கள், பல மடங்கு விலை கொடுத்து அங்கே வாங்குவது காப்பியை மட்டுமன்று. நாற்காலியையும், மின்சாரத்தையும், யாரும் விசாரிக்காத தனிமையையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

யந்திரத்தின் முன் நின்ற வாலிபருடைய வேலையைக் கவனித்தேன். ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் வெந்நீர் பொடியினூடே பாய்ந்து, இருபத்தைந்து முப்பது விநாடிகளுக்குள் சாறு இறங்கவேண்டும். விரைந்து இறங்கினால் புளிக்கும், தாமதித்தால் கசக்கும். யந்திரம் இருக்கும்போது கைத்திறனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "மழை பெய்தால் பொடியின் பதமே மாறிடும், சார். காலையில் முதல் ரெண்டு கப்பை நாங்களே குடிச்சுப் பார்த்து, அரைக்கிற அளவை மாத்திக்கிட்டுத்தான் கடையை ஆரம்பிப்போம்" என்றார். அந்தச் சிரத்தையைக் கண்டு உண்மையிலேயே மகிழ்ந்தேன். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போவதாகவும் அவரே சொன்னார்.

அங்கிருந்து காப்பி ஹவுஸுக்கு வந்தேன். நெடுங்காலம் மகாத்மா காந்தி சாலையில் நடந்து, 2009-இல் இவ்விடத்துக்கு மாறிய கடை அது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், வக்கீல்களும், தகப்பனார் அழைத்து வந்து பழக்கியதால் தாமும் வருகிறவர்களும் அங்கே காணப்பட்டனர். வெள்ளுடையும் தலைப்பாகையும் அகன்ற இடைக்கச்சையும் தரித்த பரிசாரகர்கள், அவர்களில் பலருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. அவரவர் வழக்கம் அறிந்து கொண்டுவந்து வைக்கிறார்கள். பணிவு குறையாமலே அவர்கள் நடையில் ஒரு கம்பீரம் தெரிகிறது. சங்கத்தின் அங்கத்தினராய், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு பரிமாறுகிறவருக்கும், மாதச் சம்பளத்துக்கு மட்டும் பரிமாறுகிறவருக்கும் உள்ள வித்தியாசம், தட்டை மேஜைமேல் வைக்கும் விதத்திலேயே பிரத்தியட்சமாகிறது என்று நான் நம்புகிறேன்.

தமிழ் பேசிய முதிய பரிசாரகர் ஒருவரிடம், அந்த வாலிபர் மழையைப் பற்றிக் கூறியதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"இங்கேயும் அந்தத் தொல்லைதாங்க, ஐயா. ஈரம் இழுத்த பொடி அடைச்சுக்கும். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகூட இறங்காது. அவசரப்பட்டு ஒரேயடியா வெந்நீரைக் கொட்டினா, கலங்கலாத்தான் வரும். கொஞ்சமா ஊத்தி, பொடி நனைஞ்சு உப்பின பிறகுதான் மீதியை ஊத்தணும்" என்று விளக்கிவிட்டு, "அந்தத் தம்பிக்குத் தொழில் பிடிபட்டிருக்கு. அந்தக் கடைக்காரங்க அவரை விடாம வெச்சுக்கணும்" என்றார்.

அந்த வாலிபர் போகப்போகிறார் என்ற செய்தியை நான் தெரிவித்தேன்.