ஜெயபுரத்துச் சேறும் நான்கு சில்லுகளும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 நெடுஞ்சாலையில் எவ்வாகனமும் மிடுக்காக ஓடும். ஜெயபுரத்து வயற்பாதையில் இறங்கிய பின்னரே அதன் தரம் புலப்படும். மாரியில் நாம் அங்கு சென்றபோது நண்பர் வீட்டு முற்றத்தில் வாதம் மூண்டிருந்தது. விதைநெல்லை மட்டுமன்றி, பிள்ளைப்பேற்றுக்குப் புறப்படும் பெண்களையும் ஏற்றிச் செல்வது அவருடைய ‘கப்’ வாகனமே. ஸ்பிரிங்குகளை மாற்றி அதனை உயர்த்த வேண்டும் என்றான் மகன். “உந்த உழவு மெசினைப் பார், தம்பி” என்றார் தந்தை.

அவர் சொல்லில் பொறியியல் இருந்தது. ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் உடல் உயரும். பின்னச்சும் அதன் நடுவே பருத்துத் தொங்கும் பற்சில்லுப் பெட்டியும் இருந்த உயரத்திலேயே இருக்கும். சேற்றில் முதலில் தட்டுவது அதுவன்றோ! அச்சை உயர்த்துவது உழவு மெசினுக்கு வாய்த்தது போன்ற பெரிய சில்லே. டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் உயரும். அளவு மீறினாலோ இழுவை குன்றும். திருப்புகையில் மட்கார்டில் உரசும்.

களிமண்ணுக்கு ஆழ்ந்து அகன்ற வெட்டுகளுள்ள டயர் வேண்டும். நெருங்கிய வெட்டுகளைச் சேறு அடைத்துவிடும். பூநகரிக்கு அப்பால் கௌதாரிமுனை மணலுக்கு வேறு உபாயம்: காற்றைக் குறைத்தால் டயர் பரந்து, புதையாது செல்லும். தார் வீதிக்கு மீண்டதும் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

சற்றே பெரிய சேற்று டயர்கள் நான்குக்கு மகன் இசைந்தான். மிஞ்சும் பணம் யாருக்கென்ற வாதம் நாம் விடைபெறும் வரை ஓயவில்லை.